மாடு படுக்கும் முன்னே மருத்துவரைத் தெரிஞ்சு வச்சுக்குவோம்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவதோட படிப்பு நின்னு போச்சு. செக்கானூரணிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வாக்கப்பட்டு வந்து, மாடு, ஆடு, ரெண்டு பிள்ளைகள்னு என் பொழப்பு ஓடுது. ஊக்குநர் அக்காதான், "உன் மாட்டுக் கதையைச் சொல்லு, நாலு பேருக்கு உதவும்"னு சொன்னாங்க. அதனால அதையே சொல்றேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

2018 ஏப்ரல் மாசம் குழுக் கடன் 40,000 ரூபாய் வாங்கி ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு வாங்கினேன். ரெண்டாம் ஈத்து, நாலு மாசச் சினை, கறவையும் இருந்தது. லட்சுமின்னு பேரு வச்சோம். மாசம் 2,000 ரூபாய் அசல், அதோட வட்டி. மொத்தம் 20 தவணை. மூணு மாசம் பால் ஊத்தினேன், தவணையும் தவறாமல் கட்டினேன். பிறகு பால் வத்த விட்டு, செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி லட்சுமி கன்னு போட்டுச்சு. கிடேரிக் கன்னு. வீடே சந்தோஷமா இருந்துச்சு. சீம்பால் காய்ச்சி பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்தா மாடு நிக்கத் தள்ளாடுது. கொஞ்ச நேரத்துல படுத்துருச்சு. கழுத்தை விலாப் பக்கமாத் திருப்பி வச்சுக்கிட்டு ஒரு மாதிரி மயக்கமாக் கெடக்குது. காதைத் தொட்டா சில்லுன்னு இருக்கு. அசை போடலை, சாணி போடலை. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு.

எங்க வீட்டுக்காரர் மதுரையில கட்டட வேலைக்குப் போயிருந்தார். எங்க மாமா, அதாவது என் மாமனார், ஒருத்தருக்குப் போன் போட்டாங்க. பைக்கில் வந்து ஊசி போடுறவர். ஊரெல்லாம் அவரை டாக்டர்னுதான் சொல்லும். நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். அவர் வந்தார். எப்ப கன்னு போட்டுச்சு, என்ன தின்னுச்சுன்னு ஒண்ணும் கேட்கலை. காய்ச்சல் பார்க்கலை. "பலவீனம்தாம்மா, எந்திரிச்சிரும்"னு சொல்லி ரெண்டு ஊசி போட்டார். மூங்கில் குழாயில் மருந்தைக் கலக்கி, தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி வாயில ஊத்தினார். மாடு இருமுச்சு. மூக்கு வழியா வெளியே வந்துச்சு. 700 ரூபாய் வாங்கிட்டுப் போனார்.

சாயங்காலம் வயிறு உப்பிருச்சு. திரும்பப் போன் போட்டோம், "காலையில வாரேன்"னார். அவரை விட்டா யாரைக் கூப்பிடணும்னு எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியலை. விடியக்காலம் நாலு மணிக்கு லட்சுமி செத்துப்போச்சு.

அன்னைக்குக் காலையில கன்னுக்குட்டி போய் ஆத்தா மடியை முட்டுது. அதைப் பார்த்துட்டு நான் அழுத அழுகையை இன்னும் மறக்க முடியலை.

இதோட முடியலை. மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சு. ஆனா யாருக்கும் சொல்லாமல், வாடை வரும்னு பத்து மணிக்கெல்லாம் குழி தோண்டிப் புதைச்சிட்டோம். மாடு செத்தா உடனே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லணும், காதுத் தோட்டை எடுத்து வைக்கணும், பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனை செஞ்சு சான்று கொடுக்கணும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிஞ்சது. பணம் வரலை. அது என் தப்பு. அஞ்சு தவணை கட்டியிருந்தேன். மீதிப் பதினஞ்சு தவணையை வெறும் தொழுவத்துக்குக் கட்டினேன். களை எடுக்கப் போயும், நூறு நாள் வேலைக்குப் போயும் கட்டினேன். குழுவுல ஒரு தவணைகூட நிக்கலை. அதை மட்டும் பெருமையாச் சொல்லிக்குவேன்.

ரெண்டு வாரம் கழிச்சு கன்னுக்குக் கழிச்சல்னு அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். எங்க ஊர்ல இருந்து ஆறு கிலோமீட்டர்தான். அதுவரைக்கும் நான் அங்க போனதே கிடையாது. அங்க இருந்த டாக்டரம்மா கன்னைப் பார்த்துட்டு, "தாய் எங்கே?"ன்னு கேட்டாங்க. நடந்ததைச் சொன்னேன். கழுத்தைத் திருப்பி வச்சிருந்துச்சா, காது சில்லுன்னு இருந்துச்சான்னு அவங்களே கேட்டாங்க. பார்த்த மாதிரியே கேட்குறாங்களேன்னு இருந்துச்சு.

"இதுக்குப் பால் காய்ச்சல்னு பேரும்மா. பேருதான் காய்ச்சல், உடம்பு சூடு கூடாது, குறையத்தான் செய்யும். கன்னு போட்டதும் மடியில பால் இறங்கும்போது ரத்தத்துல இருக்குற சுண்ணாம்புச்சத்து பாலுக்குப் போயிரும். மூணாம் ஈத்து, நாலாம் ஈத்து மாட்டுக்கு, நல்லாக் கறக்குற மாட்டுக்கு இது அதிகமா வரும். கால்சியம் மருந்தை ரத்தக்குழாயில மெதுவா ஏத்தினா நிறைய மாடு சில மணி நேரத்துல எந்திரிச்சிரும். வேகமா ஏத்தினா இதயம் நின்னுரும். அதனால படிச்சவங்கதான் ஏத்தணும். படுத்துக் கெடக்குற மாட்டுக்கு வாயில எதையும் ஊத்தக் கூடாது, நுரையீரலுக்குப் போயிரும்"னு சொன்னாங்க.

ஒரு பாட்டில் மருந்து. ஆறு கிலோமீட்டர் தூரம். அதுல போச்சு என் லட்சுமி. அந்த நேரத்துல மருந்தகம் பூட்டி இருந்திருக்கலாம். ஆனா அந்த டாக்டரம்மா நம்பர் என்கிட்ட இருந்திருந்தா, யாரைக் கூப்பிடணும்னாவது சொல்லியிருப்பாங்க.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். ஊசி போட்டவர் மேல கோவம் இருந்துச்சு. ஆனா அவர் கெட்டவர் இல்லை. அர்த்த ராத்திரியில கூப்பிட்டாலும் வருவார். அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். யார்கிட்ட என்ன வேலையைக் கொடுக்கணும்னு தெரியாம இருந்தது நாங்கதான். பிள்ளைக்குக் காய்ச்சல்னா எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர்னு நாலு பேர்கிட்ட விசாரிக்கிறோம். 40,000 ரூபாய் மாட்டுக்கு விசாரிக்கலையே.

அதுக்குப் பிறகு நான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை இப்பச் சொல்றேன்.

முதல்ல, யார் யாருன்னு தெரிஞ்சுக்கணும். நாம எல்லாரையும் மாட்டு டாக்டர்னு ஒரே பேர்ல கூப்பிடுறோம். கால்நடை மருத்துவர்னா பி.வி.எஸ்சி. படிச்சிருக்கணும். அது அஞ்சரை வருஷப் படிப்பு. சென்னையில 1903இல் தொடங்கின கல்லூரி இருக்கு, நாமக்கல்லுல இருக்கு, நம்ம பக்கத்துல தேனி வீரபாண்டியில 2020இல் வந்துச்சு. படிச்சு முடிச்சவங்க மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துல பதிவு செஞ்சிருக்கணும். 1984ஆம் வருஷத்துச் சட்டப்படி அப்படிப் பதிவு செஞ்சவங்கதான் கால்நடைக்கு வைத்தியம் பார்க்கலாம். அடுத்து, கால்நடை ஆய்வாளர். கிளை நிலையத்துல இருப்பாங்க. சினை ஊசி, தடுப்பூசி, முதலுதவி இதுக்கெல்லாம் அவங்க நமக்கு ரொம்ப உதவி. இப்ப நம்ம மகளிர் குழுக்கள்ல இருந்தே பசு சகின்னு பயிற்சி எடுத்தவங்களும் இருக்காங்க. ஆட்டுக்குக் குடற்புழு மருந்து எப்பக் கொடுக்கணும், எப்பத் தடுப்பூசின்னு அவங்க சொல்லுவாங்க. நல்ல பசு சகிக்கு அடையாளம், "இது என்னால முடியாது, டாக்டரைக் கூப்பிடுங்க"ன்னு சொல்றதுதான்.

ரெண்டாவது, கேட்கக் கூச்சப்படக் கூடாது. "சார், நீங்க என்ன படிச்சிருக்கீங்க, பதிவு நம்பர் இருக்கா?"ன்னு கேட்டா மரியாதைக் குறைவு இல்லை. படிச்சவங்க கோவிச்சுக்க மாட்டாங்க.

மூணாவது, வந்தவங்க எப்படிப் பார்க்குறாங்கன்னு கவனிக்கணும். நல்ல மருத்துவர் முதல்ல நம்மகிட்டதான் கேட்பாங்க. எத்தனையாவது ஈத்து, எப்பக் கன்னு போட்டுச்சு, நேத்து என்ன தின்னுச்சு, சாணி எப்படி இருக்கு, எத்தனை லிட்டர் கறக்குதுன்னு. மாட்டுக்குச் சாதாரணமா 101, 102 டிகிரி சூடு இருக்கும். அதை வச்சுப் பார்த்து, வயித்துல கை வச்சுப் பார்த்து, மடியைத் தொட்டுப் பார்த்துத்தான் ஊசியை எடுப்பாங்க. பைக்கை நிப்பாட்டினதும் ஊசியை எடுக்குறவங்க கையில மாட்டைக் கொடுக்காதீங்க.

நாலாவது, என்ன மருந்துன்னு சீட்டுல எழுதி வாங்கணும். மடிநோய்க்குக் கிருமி மருந்து போட்டா அந்தப் பாலை எத்தனை நாள் சொசைட்டிக்கு ஊத்தக் கூடாதுன்னு கேட்கணும். அந்தப் பாலை நம்ம பிள்ளைகளும் குடிக்குது. வலி ஊசியிலயும் கவனம் வேணும். டைக்ளோபினாக்னு ஒரு வலி மருந்தை மாட்டுக்குப் போடக் கூடாதுன்னு 2006லயே தடை போட்டுட்டாங்க. அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ன கழுகுகள் கூட்டம் கூட்டமா அழிஞ்சு போச்சாம். எங்க அத்தை சின்ன வயசுல பார்த்த பிணந்தின்னிக் கழுகை என் பிள்ளைங்க பார்த்ததே இல்லை.

அஞ்சாவது, சினை ஊசி. காலையில பருவத்துக்குக் கத்தினா சாயங்காலம், சாயங்காலம் கத்தினா மறுநாள் காலையில ஊசி போடணும். எந்த இனத்து விந்து, என்ன தேதின்னு அட்டையில எழுதி வாங்குங்க. ரெண்டு மூணு தடவை நிக்கலைன்னா ஊசியை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே இருக்காம மருத்துவர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. ஒரு பருவம் தவறினா 21 நாள் தீனி வீண்.

ஆறாவது, இவங்களுக்கு மேல யாருன்னு தெரிஞ்சு வச்சுக்கணும். மதுரை தல்லாகுளத்துல அரசுக் கால்நடை பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. நம்ம மருந்தகத்துல முடியாததுக்கு அங்க அனுப்புவாங்க. திருப்பரங்குன்றத்துல கால்நடைப் பல்கலைக்கழகத்தோட பயிற்சி மையம் இருக்கு. ஆடு, மாடு, கோழி வளர்ப்புக்குப் பயிற்சி கொடுப்பாங்க, சந்தேகமும் கேட்கலாம். மாட்டைக் கொண்டு போக முடியலைன்னா 1962ன்னு ஒரு நம்பர். 108 மாதிரி. போன் பண்ணினா வண்டி வரும். பணம் கிடையாது. பால் சொசைட்டியில உறுப்பினரா இருக்குறவங்க, ஆவின் மருத்துவர் நம்ம பக்கம் என்னைக்கு வாராங்கன்னு செயலாளர்கிட்டக் கேட்டு வச்சுக்கோங்க.

தனியார் மருத்துவரைக் கூப்பிடுறதா இருந்தா, ராத்திரியில வருவீங்களா, வந்தா எவ்வளவு ஆகும், நீங்க ஊர்ல இல்லைன்னா யாரைக் கூப்பிடணும்னு முன்கூட்டியே கேட்டுருங்க. மாடு படுத்தபிறகு பேரம் பேச முடியாது.

ஒண்ணு மறந்துட்டேன். நோய் வந்தாத்தான் மருத்துவர்னு இல்லை. கோமாரிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை இலவசமாத் தடுப்பூசி போடுறாங்க. கிடேரிக் கன்னுக்கு நாலு மாசத்துல இருந்து எட்டு மாசத்துக்குள்ள கன்று வீச்சு நோய்க்கு ஒரே ஒரு தடுப்பூசி. அந்த நோய் மனுசங்களுக்கும் வரும். கன்னு வீசின மாட்டோட நஞ்சுக்கொடியை வெறுங்கையில எடுத்துப் போடுறது யாரு? நாமதானே. அதனால அந்த ஊசி மாட்டுக்கு மட்டுமில்லை, நமக்கும் சேர்த்துத்தான். ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய் ஊசி, கோழிக்குக் கழிச்சல் நோய் மருந்து, வீட்டு நாய்க்கு வருஷா வருஷம் வெறிநாய்க்கடி ஊசி. திருமங்கலம் சந்தையில ஆடு பிடிச்சிட்டு வந்தா, உடனே மந்தையில விடாமல் கொஞ்ச நாள் தனியாக் கட்டி வச்சுப் பாருங்க.

பொங்கல் முடிஞ்சதும் நம்ம பக்கம் மாடு படுக்கும். ஏன்னா, பாசத்துல சக்கரைப் பொங்கலையும் சோத்தையும் அள்ளி அள்ளி வைப்போம். அரிசிச் சோறு அதிகமாப் போனா மாட்டு வயித்துல புளிச்சு அமிலமாகி உயிரையே எடுத்துரும். ஒரு உருண்டை ஊட்டிக் கும்பிட்டாப் போதும். அப்படியும் எங்கயாவது தின்னுருச்சுன்னா, வயிறு உப்பும் வரை பார்த்துக்கிட்டு இருக்காம உடனே கூப்பிடுங்க.

இன்னொண்ணு சொல்றேன். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்னு நம்ம ஜல்லிக்கட்டு ஊர்கள்ல காளை வாடிவாசலுக்குள்ள போறதுக்கு முன்னாடி கால்நடை மருத்துவர் பார்த்துத் தகுதி சொல்லணும். சொன்னாத்தான் அவிழ்த்து விடுவாங்க. வருஷத்துல சில நாள் ஓடுற காளைக்கு அவ்வளவு கவனம். அது சரிதான், வேணும். ஆனா தினமும் ரெண்டு வேளை பால் கொடுத்து, நம்ம பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணமும் குழுவுக்குத் தவணையும் கட்டுற மாட்டுக்கு?

கடைசியா மனசுல இருக்குறதைச் சொல்லிடுறேன். சாணி அள்ளுறது நாம. தீனி வைக்கிறது நாம. மாடு ஒரு கவளம் குறைச்சுத் தின்னாக்கூட முதல்ல தெரியிறது நமக்குத்தான். கடன் பத்திரத்துல கையெழுத்துப் போடுறதும் நாம. ஆனா டாக்டர் நம்பர் மட்டும் ஆம்பளைங்க போன்ல இருக்கு. யாரைக் கூப்பிடணும்னு அவங்கதான் முடிவு பண்றாங்க. லட்சுமி படுத்த அன்னைக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கேட்டுப் பார்ப்போமான்னு எனக்குத் தோணுச்சு. மாமா முன்னாடி சொல்ல வாய் வரலை. அவங்களைக் குறை சொல்லலை. என் வாயைத்தான் குறை சொல்றேன்.

அந்தக் கன்னுக்குட்டி என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. பக்கத்து வீட்டு மதினி தினம் ஒன்றரை லிட்டர் பால் கொடுத்தாங்க, பாட்டில்ல ஊட்டித்தான் வளர்த்தேன். சின்னலட்சுமின்னு பேரு. போன வருஷம் ஆடியில மூணாம் ஈத்து. கன்னு போட்ட மறுநாள் காலையில பார்த்தா தள்ளாடுது. காது சில்லுன்னு இருக்கு. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. ஆனா இந்தத் தடவை நம்பர் என் போன்ல இருந்துச்சு. நானே கூப்பிட்டேன். "கன்னு போட்டு ஒரு நாள் ஆச்சு டாக்டரம்மா, மூணாம் ஈத்து, பத்து லிட்டர் மாடு, காது சில்லுன்னு இருக்கு, காய்ச்சல் இல்லை"ன்னு சொன்னேன். "வாயில எதுவும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சுச் சாய விடாம நெஞ்சுக்கு முட்டுக் கொடுத்து உட்கார வைங்க, வந்துட்டேன்"னாங்க.

நானும் எங்க மாமாவும் வைக்கோல் கட்டை ரெண்டு பக்கமும் அண்டக் கொடுத்து உட்கார வச்சோம். டாக்டரம்மா வந்து, பாட்டிலைத் தண்ணியில வெதுவெதுப்பாக்கி, நெஞ்சுல குழாயை வச்சுக் கேட்டுக்கிட்டே சொட்டுச் சொட்டா ஏத்தினாங்க. பாதி ஏறும்போது மாடு நடுங்குச்சு. ஏப்பம் விட்டுச்சு. மூத்திரம் பெய்ஞ்சது. ஒரு மணி நேரத்துல சின்னலட்சுமி தானா எந்திரிச்சு நின்னு கன்னை நக்குச்சு. எங்க மாமா தோள் துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா"ன்னு அவ்வளவுதான் சொன்னாங்க.

போகும்போது டாக்டரம்மா மூணு விஷயம் சொன்னாங்க. முதல் ரெண்டு நாள் மடியை ஒட்டக் கறக்காதீங்க. சினையோட கடைசி மாசத்துல கடையில கால்சியம் டானிக் வாங்கி நீங்களா ஊத்தாதீங்க, என்னைக் கேளுங்க. அடுத்த ஈத்துக்கும் இதே மாதிரி வரலாம், கன்னு போடுற தேதியை முன்னாடியே எனக்குச் சொல்லிருங்க. இந்த மூணாவது சொன்னாங்க பாருங்க, அப்படிச் சொல்றவங்கதான் நல்ல மருத்துவர்.

இப்ப எங்க குழுவுல ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். மாட்டுக் கடன் வாங்குறவங்க முதல் தவணைக்கு முன்னாடி தொழுவச் சுவத்துல நாலு விஷயம் பெயிண்டால எழுதணும். பக்கத்து மருந்தக மருத்துவர் நம்பர். ராத்திரியில வரக்கூடிய இன்னொரு படிச்ச மருத்துவர் நம்பர். 1962. அப்புறம், மாட்டோட காதுத் தோட்டுல இருக்குற பன்னிரண்டு இலக்க எண்ணும் இன்சூரன்ஸ் நம்பரும். இதே நாலும் அந்த வீட்டுப் பொம்பளை போன்லயும் இருக்கணும். எழுதியாச்சான்னு ரெண்டு உறுப்பினர் நேரில் போய்ப் பார்த்துட்டு வந்துதான் நோட்டுல கையெழுத்துப் போடுறோம். நம்ம கூட்டமைப்புல இருக்குற எல்லாக் குழுவும் இதைச் செய்யணும்னு கேட்டுக்கிறேன்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா உங்க பக்கத்து மருந்தகத்துக்கு ஒரு தடவை போய்ட்டு வாங்க. மாடு நல்லா இருக்கும்போதே போங்க. மருத்துவர் முகத்தைப் பாருங்க, உங்க முகத்தைக் காட்டுங்க, நம்பரை வாங்கிட்டு வாங்க. அதுக்கு ஒரு காசு செலவில்லை. நான் அதைப் படிக்க ஒரு மாட்டைக் கொடுத்துட்டுப் பதினஞ்சு தவணை கட்டினேன்.